ஒன்று விழுந்தால்

பெட்டி மூடியில் ஒரு டிராகன்.
விலைச்சீட்டை உரித்ததில்
அதன் வலது மூக்கும் போய்விட்டது.
நூற்று ஐந்து வெள்ளி, ஐந்து பேர் பங்கு.
என் இருபத்தொன்றை மட்டும்
அடுத்த வாரம் என்றிருந்தேன்.

ஜெலுத்தோங்கில் பதினோராம் மாடி.
லிப்ட் ஒன்பதோடு நின்றுவிடும்.
மீதியை ஏறும்போதே பிரகலாதன் சொல்லிவிட்டான்:
"நான் மந்திரவாதி. நடக்கிற வேலை
எனக்கு வேண்டாம்."

கதையை நடத்துகிறவள் குணவதி.
மருத்துவமனையில் இரவுப்பணி முடித்து
நாலு மணிநேரம் தூங்கி எழுந்தவள்
விதிப்புத்தகத்தை மருந்துச்சீட்டு மாதிரி படித்தாள்.
'இனிஷியேட்டிவ்' வந்ததும் நின்றாள்.
தமிழில் என்ன?
"முந்திரிக்கொட்டை" என்றாள் யுவராணி.
அப்புறம் அதுதான் சொல்.
"எல்லாரும் முந்திரிக்கொட்டை உருட்டுங்க."

கோப்ளின் எங்களுக்குக் குட்டிச்சாத்தான்.
ஹஃபிஸ், கூர்க்காது வில்லாளி,
மளிகைக்கடையில் எட்டு வருஷம் நின்றவன்,
எங்களைவிடச் சுத்தமான தமிழில் அதைத் திட்டினான்.
யுவராணி வெட்டிய வேகத்தில்
கறிபாப் துணுக்கு வரைபடத்தில் விழ,
அதை மலை என்று வைத்துக்கொண்டோம்.
நான் திருடன்.
பூட்டுத் திறப்பேன், நிழலில் நிற்பேன்.
பெயர்க் கட்டத்தை நிரப்பவில்லை.

பிறகு கோட்டைவாசல்.
குணவதி குரலைக் கட்டையாக்கி,
காவல்காரனாய், என்னைப் பார்த்து:
"யாருடா நீ? என்ன வேலை பார்க்கிறாய்?"

பொய் சொல்லும் திறமை என் தாளில் கூட்டல் ஐந்து.
வணிகன் என்றிருக்கலாம். யாத்திரிகன் என்றிருக்கலாம்.
"வேலை இல்லை" என்றேன்.
"பதினேழு நாளாச்சு.
பாயான் லெப்பாஸில் எங்க வரிசையையே மூடிட்டாங்க.
பாஸை கேட்டிலேயே வாங்கிக்கிட்டாங்க."

கீழே யாரோ மோட்டார் சைக்கிளை
உதைத்து உதைத்துக் கிளப்பப் பார்த்தார்கள்.
பிரகலாதன் தன் மந்திரங்களை எண்ணினான்,
மூன்றே மூன்றை, பலமுறை.
குணவதி கட்டைக்குரலை விடவில்லை.
அதற்கும் கடன்பட்டிருக்கிறேன்,
இருபத்தொரு வெள்ளியோடு சேர்த்து.
"காவல்காரன் நம்புறானா பார்ப்போம். உருட்டு."

இருபது முகக் காய்
மிளகாய்ச்சாறு போத்தலில் மோதி நின்றது.
ஒன்று.

பதினோராம் பக்கம் தடித்த எழுத்தில் சொல்கிறது:
ஒன்று விழுந்தால் படுதோல்வி.
கூட்டல் ஐந்தும் உதவாது.

"தாயம்!" யுவராணி கத்தினாள்.
"எங்க வீட்டில் தாயம் விழாமல் காயே இறங்காது.
பன்னிரண்டு போட்டாலும் வெளியேதான் உட்காரணும்."
"அது வேற ஆட்டம்."
"கட்டை கட்டைதானே?"
"இது பிளாஸ்டிக்."
ஹஃபிஸ் வாக்கெடுப்பு கேட்டான்.

குணவதி புத்தகத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்,
மணியைப் பார்த்தாள்; ஒன்பதுக்கு அவளுக்கு ஷிப்ட்.
"காவல்காரன் சிரிக்கிறான்.
அவனுக்கும் போன மாதச் சம்பளம் வரலை.
கதவை ஒரு சாண் திறக்கிறான்.
ஒரு சாண்தான். யுவராணியின் கேடயம் நுழையாது."
கேடயத்துக்காக அரைமணி நேரம் சண்டை.

விடைபெறும்போது யாரும் எதுவும் கேட்கவில்லை.
ஒன்பதாம் மாடியில் லிப்டுக்கு நிற்கையில்
ஹஃபிஸ் மட்டும்:
"காலையில கிளம்பி எங்கேடா போனே,
இத்தனை நாளா?"
"பாலிக் புலாவ் பஸ். கடைசி நிறுத்தம் வரைக்கும்."
"அப்புறம்?"
"அதே பஸ்ஸில் திரும்பி."
தலையாட்டினான்,
அது சரியான வழி என்பதுபோல.

சட்டைப்பையில் மடித்த தாள்:
கயிறு ஐம்பது அடி, பொற்காசு பத்து,
தீப்பந்தம் ஐந்து.

லிப்ட் வந்தது. உள்ளே விளக்கு எரியவில்லை.
ஹஃபிஸ் கைப்பேசி வெளிச்சத்தைத் தூக்கிப் பிடித்து
எனக்கு முன்னால் நுழைந்தான்.
"நாலு" என்றான். "மீதி நாலு. எழுதிக்கோ."